கரை யாருடையது?

தோழனே!

அலைக்கு உரிமையாளன் இல்லை. அலை மோதும் கரைக்கு? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, அமெரிக்காவின் சியாட்டில் நகரத்துக் கரையில் பெரும்பகுதி இரயில்வே முதலாளிகளின் பிடியில் கிடந்தது. மூட்டை ஏற்றவும் அவர்கள் தயவு, இறக்கவும் அவர்கள் தயவு!

முதலாளித்துவத்தின் மூலத்தானம் என்று நாம் ஏசும் அந்த நாட்டு மக்கள் செய்ததைக் கேள். 1911இல் வாஷிங்டன் மாநிலச் சட்டமன்றம் துறைமுக மாவட்டச் சட்டம் இயற்றிற்று. அவ்வாண்டு செப்டம்பர் 5ஆம் நாள், கிங் கவுண்டி வாக்காளர்கள் - முந்திய ஆண்டுதான் வாக்குரிமை பெற்ற பெண்களும் சேர்ந்து - பொதுத் துறைமுகத்தை வாக்குச்சீட்டால் பிறப்பித்தனர். ஆணையரை அமர்த்துவது அமைச்சரல்ல, ஊரார்! சொத்துவரி விதிக்கவும், கடன்பத்திரம் வெளியிடவும், துறைமேடை கட்டவும் அந்த ஆணையர்க்கு அதிகாரம்.

1914இல் மீனவர்க்கென்றே ஒரு படகுத்துறை திறந்தனர். அலாஸ்காக் கடல் சென்று மீளும் படகுகள் இன்றும் அங்கே அணைகின்றன. படகொன்று கரை சேர்ந்தால் வலை செப்பனிடுவோன், எந்திரம் பழுதுபார்ப்போன், இரும்பு பற்றவைப்போன் என்று ஒரு தெருவே உலை வைக்கும். உல்லாசப் படகுக்கு விட்டால் வாடகை கூடுமே என்பார் கணக்கர். சொல்லட்டும்! வாடகைப் புத்தகத்திலே தொழிலாளியின் கூலி ஏறாதே!

குறையில்லையா? உண்டு. வரி கட்டுவோர் முணுமுணுக்கிறார்கள். பிடிக்காத ஆணையரை அடுத்த தேர்தலில் வீட்டுக்கு அனுப்பலாம்; அந்த இரயில்வே முதலாளியை எந்த வாக்குச்சீட்டால் அனுப்பியிருப்பாய்?