மேடை பயம் போக வேண்டாம்

மேடை பயத்தைப் போக்குகிறேன் என்று சொல்லி இன்று ஒரு பெரிய தொழிலே நடக்கிறது. பத்து நாள் வகுப்பு, வார இறுதி முகாம், யூடியூப் சேனல். நான் வேலை பார்த்த இடம் ஒன்றிலும் இரண்டு நாள் உட்கார வைத்தார்கள். கண்ணைப் பார்த்துப் பேசு, முடியாவிட்டால் நெற்றியைப் பார். உள்ளங்கை மேல்நோக்கி இருக்கட்டும். கதையோடு தொடங்கு. மூன்று விஷயத்துக்கு மேல் சொல்லாதே. சொல்லிக்கொடுத்தவர் நன்றாகவே பேசினார். எதைப் பற்றி என்று கேட்டால், பேசுவதைப் பற்றி. எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு அந்த விஷயம் உன்னைவிட அதிகம் தெரிந்திருந்தால் என்ன செய்வாய் என்கிற கேள்வி ஒரு ஸ்லைடில்கூட இல்லை.

பயத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று கூச்சம். பத்து தடவை பேசினால் தானாகப் போய்விடும், அதற்குக் காசு கட்ட வேண்டியதில்லை. இன்னொன்று, கூட்டத்திலிருந்து யாராவது எழுந்து "அது அப்படி இல்லப்பா" என்று சொல்லிவிடுவார்களோ என்கிற பயம். பேச்சாளனை உருவாக்குவதே இந்த இரண்டாவதுதான். வகுப்புகள் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கடலில் போடச் சொல்கின்றன.

நான் உப்பூர்க்காரன். தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது ஊர். வெளியாட்களுக்கு வெயிலுகந்த விநாயகர் கோயிலைச் சொன்னால்தான் தெரியும். பேச வந்தவர்களை இந்தக் கடற்கரைச் சீமை நிறையப் பார்த்திருக்கிறது. லிஸ்பனில் 1647இல் பிறந்த ஜான் டி பிரிட்டோ, அருளானந்தர் என்ற பெயரில், காவி கட்டிய பண்டார சாமியாக மறவர் சீமைக்கு வந்தார். 1686இல் பிடித்துச் சித்திரவதை செய்தார்கள். இனி இங்கே போதிக்கக் கூடாது என்று சொல்லி விட்டார்கள். ஐரோப்பா போனவர் திரும்பி வந்து மறுபடியும் போதித்தார். 1693 பிப்ரவரி 4 அன்று திருவாடானைப் பக்கம் ஓரியூரில் தலையை வெட்டினார்கள். அவருடைய மதம் எனக்கு இங்கே முக்கியமில்லை. வாயைத் திறக்கும் முன் அந்த மனுஷன் கேட்பவர்களின் மொழியைப் படித்தார், பல வருஷம் மரக்கறி மட்டும் சாப்பிட்டு வாழ்ந்தார். பேசினால் உயிர் போகும் என்று தெரிந்தே பேசினார். இதை எந்த முகாமில் சொல்லித்தர முடியும்?

விவேகானந்தர் பாம்பனில் இறங்கியது 1897 ஜனவரி 26. அடுத்து ராமேஸ்வரம் கோயிலில் பேசினார். பேசியது ஆங்கிலம், கூட்டம் கேட்டது தமிழ் மொழிபெயர்ப்பு. குரலின் ஏற்ற இறக்கத்தில் பாதி அங்கேயே உதிர்ந்திருக்கும். குரலும் தோற்றமும் அவருக்குக் குறைவில்லைதான். ஆனால் மொழிபெயர்ப்பைத் தாண்டி வந்து சேர்ந்தது வேறு. சிவலிங்கத்தைத் தேடி வந்த கூட்டத்திடம், அந்தக் கோயிலிலேயே நின்றுகொண்டு, ஏழையிடமும் நோயாளியிடமும் சிவனைப் பார்க்காதவனின் பூஜை வெறும் ஆரம்பம்தான் என்றார். மறுநாள் ராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதி ஆயிரக்கணக்கான ஏழைகளுக்குச் சாப்பாடும் துணியும் கொடுத்தார்.

பிறகு நமக்கு மேடைத்தமிழ் வந்தது, அடுக்குமொழி வந்தது. அண்ணாவிடம் அதற்குப் பொருள் இருந்தது, நகலெடுத்தவர்களிடம் எதுகை மட்டும் மிஞ்சியது. பெரியாரோ வழக்குத்தமிழில் மணிக்கணக்காகப் பேசி, நான் சொல்வதை அப்படியே நம்பாதே, நீயே யோசி என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கூட்டத்துக்கு மறுத்துப் பேசும் உரிமையைக் கொடுத்துவிட்டுப் பேசியவர் அவர். இன்றைய பட்டிமன்றத்தில் தீர்ப்பு என்னவென்று மைக் கட்டுகிறவருக்கே தெரியும்.

இப்போது எங்கள் ஊர் விஷயம். உப்பூரில் 1600 மெகாவாட் அனல் மின் நிலையம் திட்டமிட்டார்கள். விவசாயிகள் எதிர்த்தார்கள். கடலுக்குள் கட்டிய பாலத்தை எதிர்த்து மோர்ப்பண்ணை மீனவர்கள் போராடினார்கள். 2021இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. இந்த மாதிரித் திட்டங்களுக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டு அறிவிக்கை. அதைப் படித்துப் பாருங்கள், நல்ல பேச்சுக்கான இலக்கணம் அதில்தான் இருக்கிறது. வந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் விளக்கம் கேட்க வாய்ப்பு தர வேண்டும். எல்லாவற்றையும் வீடியோ எடுக்க வேண்டும். சொன்னதையெல்லாம் எழுதி, கூட்ட முடிவில் அங்கேயே மக்கள் மொழியில் விளக்கி வாசிக்க வேண்டும். அன்றைக்கே கையெழுத்தாக வேண்டும். (குறைந்தபட்சம் இத்தனை பேர் வர வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் கிடையாது. யார் வசதிக்கு என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.)

கடற்கரையில் இப்படிப்பட்ட கூட்டங்களைப் பார்த்திருக்கிறேன். திட்டத்தின் ஆள் ஸ்லைடு போட்டு, சிரித்த முகமாக, ஒரு இடத்தில்கூடத் திக்காமல் பேசுவார். பெரும்பாலும் என்னைப் போல ஒரு எஞ்சினியர். அப்புறம் ஒரு பெரியவர் மைக்கை வாயோடு ஒட்டிப் பிடிப்பார், அது கீச்சென்று கத்தும். "அய்யா, நீங்க கோடு போட்ருக்க எடத்துல இடுப்பளவு தண்ணிதான். எங்க நண்டு வலையெல்லாம் அங்கதான் கெடக்கு. வாடைக்காத்துல நாங்க வேற எங்க போறது?" அவ்வளவுதான். கை நடுங்குகிறது, கண் தரையைப் பார்க்கிறது. முகாமில் மார்க் போட்டால் பத்துக்கு இரண்டு. ஆனால் அந்த மூன்று வாக்கியத்துக்குப் பதில் ஸ்லைடில் இருக்காது. "உங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டது" என்பார்கள். பதிவானதா என்று பார்க்கக் கடைசிவரை உட்கார்ந்திருப்பவர்கள் குறைவு, சாப்பாட்டு நேரமாகிவிடும்.

திக்காமல் பேசக் கற்ற எங்கள் கூட்டம் திரும்பிக் கேள்வி வராத இடங்களிலேயே பேசிப் பழகிவிட்டது என்பதுதான் என் கோபம். டெமோவில் கைதட்டல் வரும். கேள்வி வந்தால் "அப்புறம் தனியாப் பேசிக்கலாம்" என்று ஒதுக்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள். கருத்துக்கேட்பில் அப்படி ஒதுக்கப்படுவது ஒரு ஊரின் பிழைப்பு.

ஊருக்குப் போகும்போது தம்பிமார் இன்டர்வியூவுக்குப் பேசச் சொல்லிக்கொடுங்கண்ணே என்று வருகிறார்கள். ஏதாவது ஒரு திட்ட அறிக்கையின் தமிழ்ச் சுருக்கத்தைக் கையில் கொடுத்து, நாளைக்கு வலை பின்னுகிற இடத்தில் வைத்து இதை விளக்கு என்கிறேன். போன தடவை ஒருவன், "எல்லாரும் குறுக்கப் பேசுவாங்கண்ணே, கைய எங்க வச்சுக்கிறது?" என்றான். "எங்க வேணா வச்சுக்க. இதுல போட்ருக்க தண்ணி ஆழம் சரியான்னு மொதல்ல உங்க சித்தப்பாகிட்ட கேட்டுட்டு வா" என்றேன்.