இருபதை விட ஏழு பெரிது

வானொலியில் தினமும் நேயர்களிடம் நூறு கேள்வி கேட்கிறவள் நான். அப்பாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கத் தவறிவிட்டேன்.

அப்பா இங்கே கப்பல் பட்டறையில் பல ஆண்டுகள் வெல்டராக இருந்தவர். ஈஸ்ட் கோஸ்ட் பக்கம் நடக்கப் போனால், நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களைப் பார்த்துக்கொண்டே நின்றுவிடுவார். "அது டேங்கர்மா. பேருதான் தெரியல" என்பார். அவருடைய பிறந்தநாளுக்கு பைனாகுலர் வாங்கினேன். கடையில் இருந்ததிலேயே பெரிய எண்: 20x50. எண் பெரிதானால் பாசமும் பெரிதாகத் தெரியும் என்று நினைத்தேன் போலிருக்கிறது.

அடுத்த ஞாயிறு, அப்பாவும் அவருடைய பழைய கூட்டாளிகளும் மீன் பிடிக்கப் படகு எடுத்தார்கள். நானும் போனேன். செயின்ட் ஜான்ஸ் தீவைத் தாண்டியதும் அப்பா பைனாகுலரைக் கண்ணில் வைத்தார். அரை நிமிடத்தில் இறக்கிவிட்டார். "எப்படிப்பா இருக்கு?" என்றேன். "அருமையா இருக்கும்மா." அதன் பிறகு அது அவர் மடியிலேயே கிடந்தது. நானே வாங்கிப் பார்த்தேன். கப்பல், வானம், அலை எல்லாம் குலுங்கின. எனக்கே தலை சுற்றியது.

படகோட்டி பாக் சிக் சிரித்துக்கொண்டே தன்னுடைய பழைய பைனாகுலரை நீட்டினார். அதில் இருந்த எண் 7x50.

முதல் எண், எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. அது நம் கை நடுக்கத்தையும் படகின் ஆட்டத்தையும் அதே அளவு பெரிதாக்கும். இரண்டாவது எண், முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டாவதை முதல் எண்ணால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். பாக் சிக்குடையது ஏறக்குறைய 7 மில்லிமீட்டர். நான் வாங்கியது வெறும் இரண்டரை. வட்டம் அகலமாக இருந்தால் படகு ஆடி கண் சற்று விலகினாலும் காட்சி மறையாது. அந்தி நேரத்திலும் தெளிவாகத் தெரியும். கடலில் போகிறவர்கள் 7x50-ஐ விரும்புவது இதனால்தான்.

படகுக்கு வாங்குகிறீர்களா? தண்ணீர் புகாததா, உள்ளே நைட்ரஜன் நிரப்பியதா என்று கேளுங்கள். நைட்ரஜன் இருந்தால் உட்புறம் ஆவி படியாது. மூக்குக்கண்ணாடி போடுகிறவரென்றால், அதைப் போட்டுக்கொண்டே பார்த்து, காட்சி முழுதாகத் தெரிகிறதா என்று சோதியுங்கள். 7x50 கனமானது, ஒரு கிலோவை நெருங்கும். அதனால் பயன்படுத்தப் போகிறவரே கையில் தூக்கிப் பார்ப்பது நல்லது. தவறி விழுந்தாலும் மூழ்காதபடி மிதக்கும் வார் ஒன்றும் சேர்த்து வாங்குங்கள்.

நான் கேட்காமல் விட்ட கேள்வி இதுதான்: "எங்கே வைத்துப் பார்க்கப் போறீங்கப்பா?"

அந்த 20x50 இப்போது வீட்டு ஜன்னலோரம் முக்காலியில் நிற்கிறது. அசையாத இடத்தில் அதற்கும் வேலை உண்டு. அக்கா பிள்ளைகள் அதில் நிலாவின் பள்ளங்களைப் பார்க்கிறார்கள்.

அன்று பாக் சிக்கின் பைனாகுலரில் அப்பா ஒரு கப்பலின் பெயரை எழுத்து எழுத்தாக வாசித்தார். பிறகு திரும்பி, "இது நாங்க ரிப்பேர் பார்த்த கப்பல்மா" என்றார்.

"அருமையா இருக்கு" என்று அப்பா சொல்லும்போது, இப்போதெல்லாம் நான் அவர் முகத்தையும் பார்க்கிறேன்.