எதிர்த்துப் பேசினார், எழுந்து போனார்

திண்டிவனத்திலிருந்து பிரம்மதேசம் வழியாக மரக்காணம் போகிறவருக்கு வழிநெடுகப் படிக்க நிறைய இருக்கும். நிழற்குடையில் எழுத்து, உயர்கோபுர விளக்குக் கம்பத்தின் அடியில் எழுத்து, தண்ணீர்த் தொட்டியில் எழுத்து. எந்த ஆண்டு நிதி, எத்தனை லட்சம், கொடுத்த உறுப்பினர் யார் என்று எல்லாம் இருக்கும். உறுப்பினர் பெயர் மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்தில். எம்.பி.க்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதி. அதில் எங்கள் பக்கத்துக்கு எவ்வளவு வந்தது என்று டீக்கடையில் ரூபாய் சுத்தமாகக் கணக்குச் சொல்ல ஆள் இருக்கிறார்கள்.

அவர் டெல்லியில் எந்த மசோதாவுக்கு ஆம் என்றார், எதற்கு இல்லை என்றார், எந்த நேரம் பார்த்து எழுந்து வெளியே போனார் என்பதை எந்தச் சுவரிலும் எழுதுவதில்லை. அவரும் வந்து சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. நிழற்குடை கட்ட ஊராட்சியே போதும். நாட்டுச் சட்டத்துக்குக் கை தூக்குவதற்காகத்தான் ஒருவரை அவ்வளவு தூரம் அனுப்புகிறோம்.

இதைச் சொன்னதும் உப்பளத்தில் வேலை செய்கிற ஒருவர் சிரித்தார். “அவுரு இன்னா ஓட்டுப் போட்டாருன்னு தெரிஞ்சி நமக்கு இன்னா ஆவப்போவுதுண்ணே?”

ஆகிறது. மரக்காணத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிப் பக்கம் போனால் கீழ்ப்புத்துப்பட்டு வரும். அங்கே இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 2021-ல் தமிழக அரசு ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றிய முகாம்களில் ஒன்று. அங்கே பிறந்து, நம் பிள்ளைகளோடு பள்ளிக்கூடம் போய், இங்கேயே கல்யாணம் முடித்த ஒரு தலைமுறை இருக்கிறது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்ற மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31-க்குள் வந்த முஸ்லிம் அல்லாதவர்களுக்குக் குடியுரிமை தருவதற்காக 2019-ல் ஒரு திருத்த மசோதா வந்ததே, அதில் இலங்கை இல்லை. முகாமில் இருப்பவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள், மற்றவர்களில் கிறிஸ்தவர்களும் உண்டு. மசோதாவின் மதப் பட்டியலில் இருந்தார்கள், நாட்டுப் பட்டியலில் இல்லை.

மக்களவையில் 311-க்கு 80. எங்கள் விழுப்புரம் தொகுதி எம்.பி. ரவிக்குமார் இருந்த திமுக அணி எதிர்த்தது. அங்கே ஆளுங்கட்சிக்கு இருந்த பலத்தில் முடிவு முன்பே தெரிந்ததுதான். மாநிலங்களவை அப்படி இல்லை. 2019 டிசம்பர் 11 இரவு அங்கே விழுந்த வாக்குகள் ஆதரவாக 125, எதிராக 105. அந்த 125-க்குள் அதிமுகவின் 11 வாக்கும் பாமகவின் ஒரு வாக்கும் இருந்தன. அந்தப் பன்னிரண்டும் எதிர்ப்பக்கம் போயிருந்தால் 113-க்கு 117. மசோதா அன்று இரவே விழுந்திருக்கும். பாமகவின் அந்த ஒரு வாக்கு அன்புமணி ராமதாசுடையது. அவர் குடும்பத்தின் தைலாபுரம் தோட்டம் திண்டிவனத்துக்குப் பக்கத்தில்தான். கீழ்ப்புத்துப்பட்டு முகாமுக்கும் தைலாபுரத்துக்கும் இடையில் ஒரு மாவட்ட எல்லைகூடக் கிடையாது.

அதிமுக அரசு அந்த நாட்களிலேயே இலங்கைத் தமிழர்களுக்கு இரட்டைக் குடியுரிமை கேட்டு வலியுறுத்துவோம் என்றது. 2021 தேர்தல் அறிக்கையில் அதே குடியுரிமைத் திருத்தச் சட்டத்தைக் கைவிட மத்திய அரசை வலியுறுத்துவோம் என்று எழுதியது. தன் பதினோரு வாக்கையும் சேர்த்து நிறைவேற்றிய சட்டத்தைக் கைவிடச் சொல்லி அடுத்தவரை வலியுறுத்துவது! அந்தத் தேர்தல் சமயத்தில் எங்கள் பக்கம் வந்த வேட்பாளர் எவரிடமும் இதை ஒருவரும் கேட்டதாக என் காதுக்கு வரவில்லை. பாலம் கேட்டோம், பேருந்து கேட்டோம்.

ஆதரித்து ஓட்டுப் போட்டவரையாவது பதிவேட்டில் பிடித்துவிடலாம். வெளிநடப்புச் செய்தவரைப் பிடிப்பதுதான் கஷ்டம். பொருளாதாரத்தில் நலிந்த முற்பட்ட பிரிவினருக்கு 10 சதவீத இட ஒதுக்கீடு தரும் அரசியல் சட்டத் திருத்தம் 2019 ஜனவரி 8 அன்று மக்களவைக்கு வந்தது. அப்போது அங்கே திமுகவுக்கு ஓர் உறுப்பினர்கூட இல்லை. 2014-ல் 37 இடம் வென்ற அதிமுகதான் தமிழ்நாட்டின் குரல். துணை சபாநாயகராக இருந்த தம்பிதுரை எழுந்து மசோதாவை எதிர்த்துக் காரசாரமாகப் பேசினார். மறுநாள் செய்தி ‘அதிமுக கடும் எதிர்ப்பு’. வாக்கெடுப்பில் ஆதரவு 323, எதிர்ப்பு 3. அந்த மூன்று பேரில் இருவர் கேரளத்து முஸ்லிம் லீக்காரர்கள், மூன்றாமவர் ஹைதராபாத்தின் ஓவைசி. இட ஒதுக்கீட்டுக்காகத் தெருவில் இறங்கி அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்தையே கொண்டுவர வைத்த மாநிலம், அன்றைக்கு ஒரே ஒரு ‘இல்லை’கூடப் பதிவு செய்யவில்லை. அதிமுகவினர் எழுந்து வெளியே போயிருந்தார்கள்.

37 பேரும் உட்கார்ந்து எதிர்த்து ஓட்டுப் போட்டிருந்தாலும் அந்த மசோதா நிறைவேறியிருக்கும், அது தெரிந்த கணக்கு. ஆனாலும் அரசியல் சட்டத் திருத்தத்துக்கு, அவைக்கு வந்து வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். வெளியே போகிறவர் அந்தக் கூட்டலிலேயே சேரமாட்டார். எதிர்ப்பவர் ஒருவர் வெளியே போனால் ஆதரிப்பவருக்கு வேலை சுலபமாகிறது. ஊரில் எதிர்த்த பெயர், டெல்லியில் உதவிய கணக்கு. இரண்டும் ஒரே நடையில் கிடைத்துவிடுவதால்தான் வெளிநடப்பு நம் கட்சிகளுக்கு இவ்வளவு பிடித்துப்போயிருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு கட்சி என்றில்லை, எல்லாருக்குமே.

சில நேரம் வெளியே போவது உறுப்பினர் கையில் இருப்பதில்லை. 2016 சட்டமன்றத் தேர்தலில் திண்டிவனம் தொகுதியில் திமுகவின் சீத்தாபதி வென்றது 101 வாக்கு வித்தியாசத்தில். ஒரு கல்யாண வீட்டில் முதல் பந்திக்கு உட்காருகிற ஆட்கள். அந்தத் தேர்தலில் ஓட்டுப் போடக் கிளம்பாமல் வீட்டில் இருந்தவர்களை வீட்டுக்காரம்மா வருஷக்கணக்கில் சொல்லிக்காட்டியதுண்டு. ஒன்பது மாதம் கழித்து, 2017 பிப்ரவரி 18 அன்று, எடப்பாடி பழனிசாமி அரசின் நம்பிக்கைத் தீர்மானம் வந்தது. ரகசிய வாக்கெடுப்புக் கேட்டு அமளி. திமுக உறுப்பினர்களைக் காவலர்கள் வெளியேற்றினார்கள், காங்கிரசும் முஸ்லிம் லீக்கும் வெளிநடப்புச் செய்தன. மீதி இருந்தவர்களை வரிசை வரிசையாக எழுப்பி எண்ணியபோது 122-க்கு 11. மாநிலத்தை யார் ஆள்வது என்ற கேள்விக்குத் திண்டிவனம் தொகுதியிலிருந்து ஆமும் இல்லை, இல்லையும் இல்லை. 101 வாக்கில் ஜெயிக்க வைத்த தொகுதி அந்தக் கணக்கில் பூஜ்யம்.

அதே வாக்கெடுப்புக்கு ஒரு வால் உண்டு. கட்சியின் கொறடா உத்தரவை மீறி அன்று அரசை எதிர்த்து வாக்களித்த 11 பேரில் ஒருவரான ஓ. பன்னீர்செல்வம் அதே ஆகஸ்டில் துணை முதல்வர் ஆனார். அந்தப் பதினொருவரின் பதவிக்கு ஒன்றும் ஆகவில்லை. முதல்வர் மேல் நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் மட்டும் கொடுத்த 18 பேரைச் செப்டம்பரில் சபாநாயகர் தகுதி நீக்கம் செய்தார். உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகளுக்குள் கருத்து வேறுபட்டு, மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபரில் அந்த நீக்கம் செல்லும் என்றார். ஓட்டுப் போட்டவர்கள் தப்பினார்கள், கடிதம் எழுதியவர்கள் போனார்கள். இந்தச் சட்டம் சிறுபிள்ளைகளுக்குப் பாடப்புத்தகத்தில் எப்படி விளக்கப்படுகிறதோ தெரியவில்லை.

அது 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம். கட்சி சொன்னபடி வாக்களிக்காவிட்டாலும், சொல்லாமல் வாக்கெடுப்பிலிருந்து ஒதுங்கினாலும் பதவி போகலாம். கட்சி பதினைந்து நாளுக்குள் மன்னித்துவிட்டால் தப்பிக்கலாம். ஆகவே உறுப்பினரைக் கேட்டு என்ன பயன், கொறடா சொன்னார், போட்டேன் என்பாரே என்று சிலர் சொல்வார்கள். நியாயமான பேச்சுதான். அந்தக் கொறடா எந்தக் கட்சியுடையவர் என்பதையாவது தொகுதி தெரிந்துகொள்ள வேண்டாமா? விடுதலைச் சிறுத்தைகள் கட்சிக்காரரான ரவிக்குமார் 2019-ல் எங்களிடம் ஓட்டுக் கேட்டது உதயசூரியன் சின்னத்தில். அதனால் அவையின் ஏட்டில் அவர் திமுக உறுப்பினர். அதே தேர்தலில் பக்கத்துச் சிதம்பரத்தில் பானைச் சின்னத்தில் நின்ற திருமாவளவன் விசிக உறுப்பினர். ஒரே கட்சியின் இரண்டு பேருக்கு டெல்லியில் இரண்டு பட்டி. 2024-ல் ரவிக்குமாரும் பானையில் நின்று வென்றார். சின்னம் மாறியதைச் சுவரெல்லாம் எழுதினார்கள். அவர் வாக்கு யார் உத்தரவுக்குக் கட்டுப்பட்டது என்பதும் கூடவே மாறியது. அதை எந்த மேடையிலும் யாரும் விளக்கவில்லை.

ரவிக்குமாரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எழுத்தாளர், பத்திரிகை நடத்தியவர், 2006-ல் காட்டுமன்னார்கோயில் எம்.எல்.ஏ. அவையில் கேட்ட கேள்வியையும் அமைச்சர் தந்த பதிலையும் அப்படியே பொதுவெளியில் போட்டுவிடுகிற பழக்கம் உள்ளவர். இது சாதாரணக் காரியம் இல்லை. மக்களவையில் நாளொன்றுக்கு நேரில் பதில் சொல்லும் கேள்விகள் 20, எழுத்தில் பதில் தருபவை 230. அவற்றில் தன் கேள்வியைச் சேர்ப்பதற்குப் பதினைந்து நாள் முன்பே எழுதிக் கொடுத்துக் குலுக்கலில் தேற வேண்டும். பொதுக்கூட்டத்தில் முழங்குவதைவிட அமைச்சரிடமிருந்து ஒரு வரி பதிலை எழுத்தில் வாங்குவது பெரிது என்பது என் கட்சி. ஆனால் கேள்வி கேட்பதும் கடிதம் எழுதுவதும் ஒன்று, வாக்களிப்பது வேறு. கடற்கரை ரயில் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். மாமல்லபுரம், மரக்காணம், புதுச்சேரி வழியாகக் கடலூர் போக வேண்டிய பாதை. அதை வேண்டாம் என்று சொன்ன வேட்பாளர் இதுவரை பிறக்கவில்லை. எல்லாரும் மனுக் கொடுக்கிறார்கள், எல்லாரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். மரக்காணத்தில் தண்டவாளம் இல்லை. யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லாத விஷயத்தில்தான் நம் பிரதிநிதிகளின் குரல் மிக ஓங்கி ஒலிக்கிறது. கருத்து வேறுபடுகிற இடத்தில், பெயர் பதிவாகிற இடத்தில், சத்தம் குறைந்துவிடுகிறது.

பெயரே பதிவாகாமலும் போகும். உப்பளக்காரர் சிரித்தாரே, அவருக்கான பதில் இங்கேதான் இருக்கிறது. உப்பு உற்பத்தி அரசியல் சட்டப்படி மத்தியப் பட்டியலில் 58வது இனம். உப்பு ஆணையர் இருப்பது ஜெய்ப்பூரில். மழை பிடித்துப் பாத்திகளில் தண்ணீர் நிற்கிற மாதங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தருவது மாநில அரசு. வேலை நேரம், பாதுகாப்பு, சமூகப் பாதுகாப்பு எல்லாம் இப்போது புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்குள் போய்விட்டன. 29 பழைய சட்டங்களை விழுங்கிய நான்கு தொகுப்புகள், 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தவை. அவற்றில் மூன்று மாநிலங்களவையில் நிறைவேறியது 2020 செப்டம்பர் 23 அன்று. எட்டு உறுப்பினர்களை இடைநீக்கம் செய்ததைக் கண்டித்து எதிர்க்கட்சிகள் அவைக்கே வரவில்லை. குரல் வாக்கெடுப்பு, முடிந்தது. யார் ஆம் என்றார் என்று ஏட்டில் ஒரு பெயர் கிடையாது. வெயிலில் உப்பு வாருகிறவரின் கண்ணையும் காலையும் பற்றிய சட்டத்துக்கு யாரையும் விரல் நீட்டிக் கேட்க முடியாது.

ஓர் உறுப்பினர் எழுந்து, எண்ணி எடுங்கள் என்று கேட்டால் அவைத் தலைவர் எண்ண வேண்டும் என்பது விதி. தொழிலாளர் மசோதாக்களுக்கு மூன்று நாள் முன்பு, செப்டம்பர் 20 அன்று, வேளாண் மசோதாக்களுக்கு அப்படிக் கேட்டும் எண்ணாமல் குரலிலேயே முடித்தார்கள். அந்தக் கலாட்டாவில்தான் எட்டுப் பேர் வெளியே போனது. அடுத்து வந்த தொழிலாளர் மசோதாக்களுக்கு, எண்ணச் சொல்லிக் கேட்க வேண்டியவர்கள் எல்லாரும் வெளியே. புறக்கணிப்பில் நியாயம் இருந்திருக்கலாம். எனக்கென்னவோ ஒருவராவது உள்ளே இருந்து அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருக்கலாம் என்றே தோன்றுகிறது.

எண்ணி எடுத்த வாக்கெடுப்புகளில் ஆம் சொன்னவர், இல்லை சொன்னவர் பெயரெல்லாம் அவை நடவடிக்கைக் குறிப்பில் அச்சாகிறது. இங்கிலாந்துக் கீழவை இதை 1836 முதல் செய்கிறது. நம் ஊர் நாளிதழுக்கு மொத்த எண்ணிக்கை வந்து சேரும், பெயர் வராது. யாராவது உட்கார்ந்து தேடி, தொகுதி வாரியாகத் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். கட்சிகள் செய்யப்போவதில்லை.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை. நாடாளுமன்றத் தொடர் முடிந்ததும் எங்கள் தொகுதியின் எம்.பி. எண்ணி எடுத்த ஒவ்வொரு வாக்கெடுப்பிலும் என்ன செய்தார், ஆம், இல்லை, வெளிநடப்பு, வரவில்லை, எது என்று ஒரு பக்கத்தில் எழுதி ஊராட்சிக்கு அனுப்ப வேண்டும் என ஒரு தீர்மானம் எழுதினேன். பக்கத்து ஊராட்சி ஒன்றில் செயலராக இருக்கும் நண்பரிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தார். தப்பில்லை என்றார். பிறகு தீர்மானப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே கேட்டார்: “குடிநீர், சுகாதாரம், நூறு நாள் வேலை, தெருவிளக்கு. இதுல எதுக்குக் கீழ சார் இத எழுதறது?”

தெருவிளக்குக்குக் கீழேயே எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.