யார் கொடுத்த பட்டம்?

2016-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் டில்லியில் விஜேந்தர் சிங் கெர்ரி ஹோப் என்பவரைப் பத்துச் சுற்றுகள் பொருது வென்றபோது, ‘ஆசிய சாம்பியன்’ என்று தேசமெங்கும் முழக்கம் எழுந்தது. 2008-இல் பீஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கம் பெற்ற வீரர் அவர். அவருடைய கீர்த்தியைக் குறைப்பது நமது நோக்கமன்று. ஆனால் அவருடைய இடையில் பட்டையைக் கட்டியவர்கள் யார், ஆசியாவின் பெயரால் பட்டம் சூட்டும் அதிகாரத்தை அவர்களுக்கு வழங்கியவர்கள் யார் என்று நம்மவர் கேட்டதாகத் தெரியவில்லை. கொடுத்தது போர்ட்டோ ரிக்கோ தீவில் கச்சேரி வைத்திருக்கும் டபிள்யூ.பி.ஓ. என்ற ஸ்தாபனம். அது ‘ஆசியா-பசிபிக்’ பட்டம். மறுவருஷம் மும்பையில் அதே ஸ்தாபனத்தின் ‘கீழ்த்திசை’ப் பட்டத்தையும் அவர் வென்றார். ஆசியாவுக்கு ஒன்று, கீழ்த்திசைக்கு மற்றொன்று! பூகோளம் கற்றவர்கள் இவ்விரண்டின் எல்லைகளை நமக்கு விளக்கினால் வந்தனமுடையவர்களாவோம்.

இத்தகைய ஸ்தாபனங்கள் முக்கியமாக நான்கு உண்டு. 1921-இல் அமெரிக்காவில் வேறு பெயருடன் தோன்றிய டபிள்யூ.பி.ஏ., 1963-இல் மெக்ஸிகோவில் பிறந்த டபிள்யூ.பி.சி., 1983-இல் ஐ.பி.எப்., 1988-இல் மேற்சொன்ன டபிள்யூ.பி.ஓ. எந்த அரசாங்கமும், எந்த நாட்டு ஜனங்களும் இவற்றை நியமிக்கவில்லை.

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்தில் உண்டியல் வியாபாரம் அறிந்தவர்களுக்கு இவ்விஷயம் எளிதில் விளங்கும். உண்டியலின் மதிப்பு காகிதத்தில் இல்லை, அதை எழுதிய விலாசத்தில் இருக்கிறது. நகரத்தார் உண்டியல் பர்மாவிலும் மலாயாவிலும் செல்லுபடியானதற்குக் காரணம், வாக்குத் தவறினால் எழுதியவர் ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது என்பதுதான். குத்துச்சண்டையிலோ, ஒரே எடைக்கு நான்கு விலாசங்கள் நான்கு ‘உலக சாம்பியன்’களை எழுதித் தருகின்றன. உண்டியல் திரும்பி வந்தாலும் எழுதியவருக்கு நஷ்டமில்லை. பட்டச் சண்டை ஒவ்வொன்றிலும் வீரனுடைய ஊதியத்தில் நூற்றுக்கு 3 என்ற அளவில் கட்டணம் வந்து சேருகிறது. பட்டங்கள் பெருகப் பெருக வரும்படியும் பெருகும்.

பட்டத்தைக் காட்டிலும் அபாயமானது வரிசைப் பட்டியல். அதில் இடம் பெறாதவன் சாம்பியனுடன் பொருத முடியாது. முதலிடத்தில் இருப்பவனுடன் சாம்பியன் குறித்த காலத்துக்குள் மோதியாக வேண்டும். மறுத்தால் பட்டம் பறிபோகும். எனவே ஏழை வீரனுடைய பிழைப்பு பட்டியல் எழுதுகிறவர் பேனாமுனையில் தொங்குகிறது. இடம் தருவதற்கு லஞ்சம் வாங்கியதாக 1999-இல் ஐ.பி.எப். நிர்வாகிகள் மீது அமெரிக்க சர்க்காரே வழக்குத் தொடர்ந்தது. 2001-இல் நடந்தது இதனினும் விசித்திரம். முந்திய வருஷமே காலமாகிவிட்ட டாரின் மாரிஸ் என்ற வீரரை டபிள்யூ.பி.ஓ. பட்டியல் ஏழாம் இடத்திலிருந்து ஐந்தாம் இடத்துக்கு உயர்த்திற்று! உயிரோடிருந்து பயிற்சி செய்துகொண்டிருந்தவர்கள் இதைக் கண்டு என்ன நினைத்தார்களோ?

பட்டம் கொடுக்கிறவர்கள் அதைப் பறிக்கவும் செய்வார்கள். வியட்நாம் யுத்தத்திற்குச் செல்ல மாட்டேன் என்று 1967-இல் மறுத்த முகம்மது அலியின் பட்டத்தை உடனே பறித்தார்கள். குத்துமேடையில் அவரை யாரும் வீழ்த்தவில்லை. 1974-இல் கின்ஷாஸாவில் ஜார்ஜ் போர்மனை வீழ்த்தி அவர் அதை மீட்டார். 1980-இல் அவர் சென்னைக்கு வந்தபோது காணத் திரண்ட ஜனங்கள், எந்தக் கச்சேரியின் முத்திரை அவரிடம் இருக்கிறது என்று விசாரித்துக் கொண்டு வரவில்லை.

நான்கு பட்டைகளையும் ஒருவரே சேர்த்தால் குழப்பம் தீருமென்று சொல்லலாம். 2024 மே மாதம் ரியாத்தில் உக்ரேனியரான உஸிக் டைசன் ப்யூரியை வென்று, மிகுபார எடையில் அவ்வாறே சேர்த்தார். ஜூன் மாதமே அவற்றில் ஒன்றை விட்டுக்கொடுக்க நேர்ந்தது.

தை மாதத்தில் சிராவயல் பொட்டலில் காளையை அடக்கியவன் யார் என்பதைத் தீர்மானிக்க எவரும் கடல் கடந்து கட்டணம் செலுத்துவதில்லை. சுற்றி நிற்கும் ஆயிரம் கண்களே சாட்சி. குத்துச்சண்டைக்கு அந்த நிலை இன்று வருமென்று நாம் எதிர்பார்க்கவில்லை. இனி நம் நாட்டில் பட்டச் சண்டை நடத்துகிறவர்கள், பட்டம் தரும் ஸ்தாபனம் எது, அதற்குச் செலுத்தும் கட்டணம் எவ்வளவு, எதிராளி பட்டியலில் எத்தனையாவது இடம் என்ற மூன்றையும் விளம்பர நோட்டீஸிலேயே அச்சிட வேண்டும் என்றுதான் கேட்கிறோம். அச்சிடாவிட்டால், பத்திரிகைகளாவது ‘உலக’ என்ற சொல்லை அச்சுக் கோப்பதற்கு முன் அவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.