நாம் எழுதாவிட்டால் டிசைனர் எழுதுவார்

“வெப்சைட் ஒண்ணு போடணும், எவ்வளவு ஆகும்?” நேரடி விற்பனையில் இறங்கிவிட்ட உழவர்களும் உழவர் குழுக்களும் இப்போது அதிகம் கேட்கிற கேள்வி இது. கோட்டூர்புரம், அடையாறு, மயிலாப்பூர் பக்கம் மரபு அரிசியும் செக்கு எண்ணெயும் வாங்குகிற குடும்பங்கள் “உங்களுக்கு வெப்சைட் இருக்கா?” என்று கேட்கிறார்கள். நம்ம ஆட்களும் யாரோ தெரிந்தவர் மூலமாக, தனியாக வேலை பார்க்கும் ஒரு டிசைனரைப் பிடிக்கிறார்கள். அட்வான்ஸ் கொடுக்கிறார்கள். “நல்லா பச்சை கலர்ல, அழகா பண்ணிக் கொடுங்க தம்பி” என்கிறார்கள். அத்தோடு நம் பக்கத்து வேலை முடிந்தது என்று நினைப்பு.

உண்மையில் அப்போதுதான் நம் வேலை தொடங்குகிறது. டிசைனருக்குப் பக்கம் கட்டத் தெரியும். நம் வயலை அவர் பார்த்ததில்லை. பூங்காருக்கும் காட்டுயானத்துக்கும் வயதில் எவ்வளவு வித்தியாசம் என்று அவருக்குத் தெரிய நியாயமில்லை. நாம் எழுதிக் கொடுக்காத இடமெல்லாம் வெறுமையாக நிற்கும். வெறும் பக்கத்தைக் கொடுத்து அவர் எப்படிக் கூலி கேட்பார்? அதனால் அவரே நிரப்புகிறார். “நூறு சதவீதம் இயற்கை”, “மூன்று தலைமுறைப் பாரம்பரியம்” என்று வாக்கியங்கள் வந்து விழும். இப்போது ஏ.ஐ.யிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் ஒரு தாத்தாவையே உருவாக்கிக் கொடுத்துவிடும். படத்துக்கு இணையத்தில் கிடைக்கும் ஏதோ ஒரு நாட்டு வயல், ஏதோ ஒரு நாட்டு விவசாயியின் சிரிப்பு. இதில் டிசைனர் மேல் தப்பில்லை என்பது என் கட்சி. விதை கொடுக்காதவன் களை முளைத்ததைப் பற்றிப் புகார் சொல்லக் கூடாது.

மற்ற வியாபாரத்தில் இப்படி நாலு வார்த்தை மிகையாகப் போனால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். நமக்கு அப்படி இல்லை. நம்மிடம் வாங்குகிறவர் அரிசியைப் பார்த்து அதில் மருந்து அடித்ததா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியாது. நம் பேச்சை நம்பித்தான் கூடுதல் விலை கொடுக்கிறார்.

சான்றிதழ் விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017 இல் கொண்டுவந்த இயற்கை உணவு விதிகளின்படி, இயற்கை விளைபொருள் என்று விற்க இரண்டு சான்று வழிகள்தான். ஒன்று என்.பி.ஓ.பி., இன்னொன்று பி.ஜி.எஸ். என்கிற பங்கேற்புச் சான்று. ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் சிறு உழவர், நேரடியாக நுகர்வோருக்கே விற்றால் சான்று கட்டாயமில்லை. ஆனால் அவர் ‘ஜைவிக் பாரத்’ முத்திரையைப் போடக் கூடாது. டிசைனருக்கு இது எப்படித் தெரியும்? ‘ஆர்கானிக்’ என்று தேடினால் முதலில் வரும் முத்திரையை எடுத்து முகப்பில் ஒட்டிவிடுவார், பார்க்க எடுப்பாக இருக்கிறதே என்று. பி.ஜி.எஸ்.ஸிலும் மாறும் காலத்தில் இருப்பவருக்கு ‘கிரீன்’, முழுதும் மாறியவருக்கு ‘ஆர்கானிக்’ என்று இரண்டு முத்திரை உண்டு. உங்கள் குழு எதில் இருக்கிறது, சான்று எந்தத் தேதி வரை செல்லும் என்பதைச் சான்றின் நகலோடு எழுதிக் கொடுங்கள். சான்று இல்லையென்றால் “எங்களுக்குச் சான்று இல்லை, வந்து வயலைப் பாருங்கள்” என்று எழுதச் சொல்லுங்கள். என் அனுபவத்தில் நகரத்து மக்கள் அந்த வரியை மதிக்கிறார்கள்.

இன்னொன்று, நம்மவர்களே விரும்பிச் செய்வது. கருப்புக் கவுனி சர்க்கரை நோயைக் குணப்படுத்தும், மாப்பிள்ளைச் சம்பா அதைத் தீர்க்கும் இதைத் தீர்க்கும் என்கிற வாட்ஸாப் செய்தியை அப்படியே டிசைனருக்கு அனுப்பி “இதைப் போடுங்க” என்பது. வேண்டாம். உணவுப் பொருளை நோய் தீர்க்கும் மருந்தாக விளம்பரம் செய்யக் கூடாது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53 ஆவது பிரிவில் தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், அதை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டால் என்ன செய்வோம்? அரிசியின் நிறம், ருசி, எத்தனை மணி நேரம் ஊற வேண்டும், சோறாக வடிப்பதா கஞ்சிக்கு நல்லதா என்று எழுதுங்கள். சமைக்கிறவருக்கு அதுதான் வேண்டும்.

எதில் எழுதுவது என்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் குழுக்களின் நோட்டீஸ், விலைப்பட்டியல் எல்லாம் ஊர் டி.டி.பி. சென்டரில் பாமினியிலோ வானவில்லிலோ அடித்தது. அந்த எழுத்துரு இருக்கும் கணினியில்தான் அது தமிழ். இணையத்தில் போட்டால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக உளறும், தேடினாலும் கிடைக்காது. டிசைனர் எல்லாவற்றையும் மறுபடி அடிக்க வேண்டும். அவருக்கு நம் ஊர்ச் சொற்கள் தெரியாததால் ‘தூயமல்லி’ ‘துயமல்லி’ ஆகும். 2010 இலேயே தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக அறிவித்துவிட்டது. கோட்டூர்புரத்தில், காந்தி மண்டபம் சாலையில் அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்திலேயே தமிழ் இணையக் கல்விக்கழகம் இருக்கிறது. 1999 இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டின் விளைவாக வந்த நிறுவனம். ஒருங்குறி எழுத்துருக்களை இலவசமாகக் கொடுக்கிறார்கள், அவர்கள் இணையதளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளலாம். அதுவும் வேண்டாம் என்றால் கையில் இருக்கும் போனில் தமிழில் தட்டினாலே அது ஒருங்குறிதான். வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்தால் ஒரே சாயங்காலத்தில் பத்து ரகத்துக்கும் நாலு நாலு வரி அடித்து முடித்துவிடுவார்கள். நீங்கள் பேசுகிற மாதிரியே இருக்கட்டும். ‘வேளாண் பெருமக்கள்’ நடை வேண்டாம்.

படமும் அப்படித்தான். நாற்றங்கால், களம், செக்கு, அரிசியைப் புடைக்கும் அக்கா என்று உங்கள் இடத்தில் எடுத்தது மட்டும் போதும். காலை வெயிலில் எடுங்கள். வாட்ஸாப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தைச் சுருக்கித் தெளிவைக் கெடுத்துவிடும், ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்புங்கள். படத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

எதை விற்கிறோம் என்ற பட்டியல்தான் நிஜமான வேலை. ரகம், புழுங்கலா பச்சையா, தீட்டியதா தீட்டாததா, அரை கிலோவா ஐந்து கிலோவா, விலை என்ன, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை கையில் இருக்கும். கடைசியாகச் சொன்னதை யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. சம்பா தை, மாசியில் களத்துக்கு வருகிறது, ஆவணியில் தீர்ந்துவிடுகிறது. பக்கமோ வருடம் முழுக்க ‘வாங்கலாம்’ என்றே காட்டிக்கொண்டிருக்கும். பணம் கட்டியவருக்கு “சரக்கு இல்லீங்க” என்று போன் செய்தால் அவர் இன்னொரு முறை வருவாரா? பார்சல் கூலி கணக்கும் முன்கூட்டியே வேண்டும். அரிசி கனமான பொருள். ஒரு கிலோவுக்கு ஆகும் கூரியர் செலவைப் பார்த்தால் சில சமயம் அரிசி விலையையே தொட்டுவிடுகிறது. உங்கள் ஊர் பார்சல் சர்வீஸில் சென்னைக்கு என்ன கூலி என்று கேட்டு எழுதி வைத்துக்கொண்டு, குறைந்தது எவ்வளவு வாங்கினால் அனுப்புவீர்கள் என்று முடிவு செய்யுங்கள். எண்ணெய், ஊறுகாய் மாதிரி பக்குவம் செய்த பொருளுக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண் தேவை. விற்பவர் பெயர், முகவரி, பொருள் சரியில்லையென்றால் பணம் திரும்பத் தருவது எப்படி, குறை சொல்ல யாரைக் கூப்பிடுவது, இதெல்லாம் இணைய விற்பனையில் தெரிவிக்க வேண்டும் என்று 2020 ஆம் ஆண்டு மின்வணிக விதிகளும் சொல்கின்றன. பணம் வாங்கும் நிறுவனங்களும் இதைப் பார்த்துத்தான் இணைப்புக் கொடுக்கும். பான் அட்டை, குழுவின் பெயரில் வங்கிக் கணக்கு இரண்டும் தயாராக இருக்கட்டும்.

இதையெல்லாம் விட எனக்குக் கவலை தருவது பெயர். இணையப் பெயரை டிசைனர் தன் மின்னஞ்சலில், தன் கார்டில் வாங்கிவிடுகிறார். உதவியாகத்தான் செய்கிறார். இரண்டு வருடம் கழித்து அவர் வேறு வேலைக்குப் போய்விட்டால், புதுப்பிக்கச் சொல்லும் மின்னஞ்சல் அவருக்குத்தான் போகும். நமக்குத் தெரியாமலே பெயர் காலாவதியாகி வேறு யாராவது வாங்கிவிடலாம். பையிலும் நோட்டீஸிலும் அச்சடித்த பெயர் அது. நிலம் நம்முடையது, பட்டா அவர் பெயரில் என்றால் சம்மதிப்போமா? குழுவுக்கென்று ஒரு மின்னஞ்சல் தொடங்கி, பெயரையும் பக்கம் தங்கும் சர்வர் இடத்தையும் அதில் நீங்களே வாங்குங்கள், அல்லது அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து வாங்குங்கள். ரகசியச் சொல் குழுவில் இரண்டு பேருக்குத் தெரிந்திருக்கட்டும். ‘.இந்தியா’ என்று முழுத் தமிழிலேயே பெயர் வாங்க முடியும். ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் போனில் தமிழ் தட்டத் தெரியாத வாடிக்கையாளர் இன்னும் நிறையப் பேர், ஆகவே அதை இரண்டாவது பெயராக வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவையும் தயார் செய்து பார்த்தபின் சில குழுக்களுக்கு ஓர் உண்மை தெரியும், வெப்சைட்டே வேண்டாம் என்று. நாற்பது குடும்பத்துக்கு மாதம் ஒரு முறை அரிசி கொடுக்கிறவருக்கு ஒரு வாட்ஸாப் குழுவும், எழுதி வைத்த இந்தப் பட்டியலும் போதும். பட்டியல் வீணாகாது.

வேண்டும் என்று முடிவு செய்தால் டிசைனரிடம் கூலியை முதலிலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை பக்கம், எத்தனை முறை திருத்தம், விலை மாறினால் யார் மாற்றுவது, அதைச் செய்ய நம் பையனுக்கோ பெண்ணுக்கோ சொல்லிக்கொடுப்பாரா என்பது வரை. நெல்லை ஏற்றிக்கொண்டு போய்ப் பணத்துக்கு அலைய வைக்கும் வியாபாரியைப் பற்றி நாம் என்னவெல்லாம் பேசுகிறோம்! தனியாளாக வேலை பார்க்கும் அந்தத் தம்பிக்கும் தங்கைக்கும் மாதச் சம்பளம் இல்லை. நாம் படம் அனுப்பாமல் இழுத்தடிக்கும் ஒவ்வொரு வாரமும் அவர்களுக்கு நட்டம். எல்லாம் தயாரான பிறகே அட்வான்ஸ் கொடுங்கள். பக்கம் முடிந்ததும் சென்னையில் இருக்கும் உறவுக்காரர் ஒருவரை அவர் போனிலிருந்தே அரை கிலோ வாங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். பொட்டலம் சரியாகப் போய்ச் சேர்ந்தால், மிச்சக் கூலியை அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.