திருமலையைத் தாக்கிய கடற்படைத் தலைவன்

சென்ற தவணையில் மேல்வகுப்பு மாணவன் ஒருவன், "ஐயா, 1942இல் திருகோணமலைமேற் குண்டு வீசுவித்த நகுமோ வென்றவரா, தோற்றவரா?" என வினவினான். தமிழாசிரியனிடம் சரித்திர வினாவா என்று தட்டிக்கழிக்க மனம் ஒருப்படவில்லை. விழா மலரின் வாயிலாக என் கருத்தைக் கூற விழைகின்றேன்.

1887இல் யப்பானின் யொனெசாவா நகரிற் பிறந்த சூயிச்சி நகுமோ, நீர்மூழ்கு குண்டுப் போரில் வல்லவர். விமானப் போரிற் பழக்கமில்லாதவர். எனினும் சேவை மூப்பினால் 1941 ஏப்பிரிலில் விமானந்தாங்கிக் கப்பற்படையின் தலைமை அவரை அடைந்தது. அவ்வாண்டு டிசெம்பரில் பேர்ள் துறைமுகமும், 1942 பெப்ரவரியில் அவுஸ்திரேலியாவின் டார்வினும் அவர் படையின் தாக்குதலுக்கு இலக்காயின. பின்னர் ஐந்து விமானந்தாங்கிகளுடன் எம் கடலுக்கு வந்தார்.

கொக்கலையிலிருந்து பறந்த கனேடிய விமானி பேர்ச்சால், ஏப்பிரில் 4ஆந் திகதி அப்படையைக் கண்டு, சுட்டு வீழ்த்தப்படுமுன் செய்தி அனுப்பினார். ஆதலின் மறுநாள் உயிர்த்த ஞாயிறன்று கொழும்பு தாக்கப்பட்டபோது துறைமுகத்திற் கப்பல்கள் பல இருக்கவில்லை. அங்கொடை மனநோயாளர் மருத்துவமனையிலும் குண்டு வீழ்ந்தது; அதனை எந்தப் போர்க்கணக்கில் வெற்றியென எழுதுவது? அன்றே கோண்வோல், டோர்செற்சயர் ஆகிய போர்க்கப்பல்கள் மூழ்கி 424 பேர் மாண்டனர். 9ஆந் திகதி திருகோணமலை தாக்கப்பட்டது. தன் விமானங்களின்றி மட்டக்களப்புக்கு அண்மையிற் சென்ற ஹேர்மிஸ் கப்பல் 307 பேருடன் கடலடி சேர்ந்தது.

புறத்தே நோக்குவார்க்கு இது முழுவெற்றி. ஆயின் சொமவில் தலைமையிலிருந்த பிரித்தானியப் பெருங்கப்பற்படையை நகுமோ கண்டுபிடிக்கவேயில்லை. இன்னொன்றும் ஈண்டு நோக்கற்பாலது. 5ஆந் திகதி, கொழும்பை மீண்டும் தாக்கவென நீர்மூழ்கு குண்டுகளைக் கழற்றி வெடிகுண்டுகளைப் பூட்டப் பணித்தார். பகைக்கப்பல் தென்பட்டதென்றவுடன் மீண்டும் மாற்றப் பணித்தார். 9ஆந் திகதியோ, கொழும்பிலிருந்து சென்ற பிளனிம் விமானங்கள் எவர் கண்ணிலும் படாது அவருடைய தலைமைக் கப்பலான அக்காகியின் அருகே குண்டு வீசின. குறி தவறியது, கப்பல் தப்பியது. மாற்றிப் பூட்டுவதிற் போகும் காலமும், வானிலிருந்து எதிர்பாராது வரும் அபாயமும் இலங்கைக் கரையோரத்திலேயே அவருக்குக் காட்டப்பட்டன. வெற்றி மயக்கம் கண்ணை மறைத்தது என்பேன்.

இரண்டு திங்கள் கழித்து, 1942 யூன் 4ஆந் திகதி, மிட்வேயில் அதே குழப்பம் மீண்டும் நேர்ந்தது. அமெரிக்க விமானங்கள் மேலிருந்து பாய்ந்தன. அப்போரில் அக்காகி உட்பட நான்கு விமானந்தாங்கிகளை நகுமோ இழந்தார். விதியின் செயல் என்பாருமுளர். அதனிற் பாதியையே நான் ஏற்பேன். 1944 யூலையில், வீழ்ந்துகொண்டிருந்த சைப்பான் தீவிலே தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

ஆகவே அம்மாணவனுக்கு நான் கூறிய விடை: எம் கடலில் வென்றவர், அவ்வெற்றியினாலேயே தோற்றவர். விமான இரைச்சல் கேட்டுப் பதுங்குகுழிக்கு ஓடி வளர்ந்த என் போன்றார்க்குத் தளபதிகளின் புகழ்மாலை இனிப்பதில்லை; அவன் குறிப்பேட்டில் நகுமோவின் படம் ஒட்டியிருந்தமையும் எனக்கு உவப்பாயில்லை. குண்டுக்கஞ்சித் திருகோணமலையைவிட்டு வெளியேறிய மக்களைப் பற்றியன்றோ அவன் முதலில் வினவியிருத்தல் வேண்டும்! போர்க்கால விமானத்தளமொன்று எம் வவுனியாவிலும் இருந்தது. அந்நாளைக் கண்ட, அகவை தொண்ணூறு கடந்த முதியோர் எவரேனும் பழைய மாணவர் தம் இல்லங்களில் இருப்பின், அவர் சொல்வதை எழுதிக் கல்லூரி நூலகத்துக்கு அனுப்பியுதவுவார்களாக. மேல்வகுப்பு மாணவர் அவற்றைப் பிரதி செய்து தொகுக்க ஆயத்தமாயுள்ளனர்.