ஐவி லீக் தரப்பட்டியல் அல்ல

பிள்ளையை அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்ப நினைக்கும் தமிழ்க் குடும்பங்களில், பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொன்னதும் அடுத்து வரும் கேள்வி, "அது ஐவி லீக்கா?" என்பதுதான். ஆம் என்றால் வீடே பூரித்துப் போகிறது. இல்லை என்றால், அந்தத் துறையில் உலகிலேயே முன்னணியில் நிற்கும் இடமாக இருந்தாலும், ஒரு படி குறைந்துவிட்டதாக மனசு சுருங்குகிறது. வெளிநாட்டுக் கல்விக்கு ஆலோசனை சொல்வோர் இந்தப் பெயரைச் சொல்லியே பயிற்சி வகுப்பு நடத்துகிறார்கள், பெரிய கட்டணமும் வாங்குகிறார்கள். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், கொலம்பியா, பென்சில்வேனியா, பிரவுன், டார்ட்மத், கார்னெல் ஆகிய எட்டும் அமெரிக்கக் கல்வியின் உச்சி, மற்றவை அதற்குக் கீழே என்பது பரவலான நம்பிக்கை. எட்டும் நல்ல பல்கலைக்கழகங்கள். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எட்டையும் ஒரே கட்டாகக் கட்டிவைத்து, அந்தக் கட்டையே தரச்சான்றாக எடுத்துக்கொள்வது தவறு. அந்தத் தவறுக்கு நம் பிள்ளைகள் பணத்தாலும் வாய்ப்பாலும் விலை கொடுக்கிறார்கள்.

ஐவி லீக் ஒரு விளையாட்டுக் கூட்டமைப்பு. எட்டுப் பல்கலைக்கழகங்களின் தலைவர்களும் 1945-இல் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அது அமெரிக்கக் கால்பந்தைப் பற்றியது. விளையாட்டுத் திறமைக்கென்று தனி உதவித்தொகை கிடையாது, ஆட்டக்காரரும் மற்ற மாணவரைப் போலப் படித்துத் தேற வேண்டும் என்பவை அதன் சாரம். 1954-இல் அதே விதிகளை மற்ற விளையாட்டுகளுக்கும் விரித்தார்கள். நோக்கம் உயர்ந்தது. விளையாட்டில் புரளும் பணம் படிப்பை விழுங்கிவிடக் கூடாது என்று அன்றைக்கே கவலைப்பட்டவர்கள் அவர்கள். கல்லூரிகள் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகவே பணம் தர 2025-இல் வழி திறந்தபோதும் எட்டும் அதில் சேராமல் விலகி நின்றன. ஆனால் இது ஆடுகளத்துக்கான ஒழுங்குமுறை. எட்டுக்கும் பொதுவான கல்வி அளவுகோல் என்று சொல்லத்தக்க 'அகாடமிக் இன்டெக்ஸ்' கூட, அணிக்கு எடுக்கும் மாணவரின் மதிப்பெண் மற்றவரைவிட மிகவும் தாழ்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வந்ததுதான். நம் ஊர் மண்டலக் கபடிப் போட்டியில் எந்தப் பள்ளி எந்தப் பிரிவில் ஆடுகிறது என்று பார்த்து, பிளஸ் டூவில் எங்கே நன்றாகச் சொல்லித்தருகிறார்கள் என்று யாரும் முடிவு செய்ய மாட்டோம். பழைமைதான் எட்டையும் இணைக்கிறது என்றும் சொல்ல முடியாது. 1693-இல் தோன்றிய வில்லியம் அண்ட் மேரி வெளியே நிற்கிறது. 1865-இல் பிறந்த கார்னெல் உள்ளே இருக்கிறது. 1766-இல் தொடங்கிய ரட்கர்ஸ் டார்ட்மத்தைவிட மூத்தது. 1869-இல் பிரின்ஸ்டனோடு அது மோதிய ஆட்டத்தைத்தான் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் முதல் ஆட்டம் என்கிறார்கள். அதற்கும் இந்தக் கூட்டமைப்பில் இடமில்லை.

எட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இவை எப்படி ஒரே இனம் என்ற கேள்வி எழும். டார்ட்மத்தில் இளநிலை மாணவர் ஏறத்தாழ 4,500 பேர். கார்னெலில் 16,000 பேர் அளவுக்கு. கார்னெலின் வேளாண் கல்லூரியும் கால்நடை மருத்துவக் கல்லூரியும் நியூயார்க் மாநில அரசின் நிதி பெற்று நடப்பவை. பிரின்ஸ்டனில் சட்டக் கல்லூரி இல்லை, மருத்துவக் கல்லூரி இல்லை, எம்.பி.ஏ.வும் இல்லை. பாடம் நடத்தும் முறையிலோ கொலம்பியாவும் பிரவுனும் எதிரெதிர்த் துருவங்கள். கொலம்பியா கல்லூரியில் கணிசமான நேரம் கட்டாயப் பாடத்திட்டத்துக்குப் போய்விடும்: இயற்பியல் படிக்க வந்தவரும் ஹோமரையும் பிளேட்டோவையும் சிறு குழுவாக உட்கார்ந்து வாசித்து விவாதிக்க வேண்டும், அதன் முதல் பாடம் 1919-இல் தொடங்கியது. பிரவுனில் 1969 முதல் அப்படிப் பொதுக் கட்டாயப் பாடங்களே இல்லை. தன் முதன்மைத் துறைக்கு வெளியே எதைப் படிப்பது என்பதை மாணவரே தீர்மானிக்கலாம். கட்டமைத்துக் கொடுத்தால் மலரும் பிள்ளை உண்டு, விட்டுப்பிடித்தால் மலரும் பிள்ளை உண்டு. இரண்டும் ஐவி லீக் என்று சொல்லி விண்ணப்பம் போட வைப்பவர், அந்தப் பிள்ளையைப் பற்றி ஒன்றுமே யோசிக்கவில்லை என்றுதான் பொருள்.

மற்றக் கூட்டமைப்புகளை நாம் இப்படிப் பார்ப்பதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். 2024-இல் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் பசிபிக் கரையில் இருந்துகொண்டே அட்லாண்டிக் கரையின் பெயர் தாங்கிய ஏ.சி.சி. கூட்டமைப்பில் சேர்ந்தன. அதே ஆண்டு லாஸ் ஏஞ்சலஸின் இரண்டு பெரிய பல்கலைக்கழகங்கள் நடுமேற்கின் பிக் டென் கூட்டமைப்புக்குப் போயின. தொலைக்காட்சி ஒளிபரப்பு உரிமைப் பணம்தான் இந்த இடமாற்றங்களின் பின்னணி. இதனால் ஸ்டான்ஃபோர்டின் கணினித் துறை ஓர் அங்குலம் உயர்ந்ததா, தாழ்ந்ததா? சிகாகோ பல்கலைக்கழகம் இன்னும் தெளிவான சான்று. பிக் டென்னைத் தொடங்கியவற்றுள் ஒன்றான அது, 1939-இல் கால்பந்து அணியைக் கலைத்தது. 1946-இல் கூட்டமைப்பிலிருந்தே விலகியது. இடையில், 1942 டிசம்பர் 2 அன்று, ஆட்டம் நின்றுபோன அதே ஸ்டேக் ஃபீல்டு மைதானத்தின் பார்வையாளர் மேடைக்கு அடியில், கிராஃபைட் கட்டிகளையும் யுரேனியத்தையும் அடுக்கி என்ரிகோ ஃபெர்மியின் குழு உலகின் முதல் கட்டுப்படுத்தப்பட்ட அணுக்கரு தொடர்வினையை நடத்திக்காட்டியது. கால்டெக்கின் கூடைப்பந்து அணி தன் கூட்டமைப்பில் 310 ஆட்டங்கள் தொடர்ந்து தோற்று, 2011-இல்தான் ஒன்றில் வென்றது. அதை வைத்து கால்டெக்கை எடைபோடுகிறவர் எவருமில்லை. எடைபோடவும் கூடாது. ஐவி லீக்குக்கு மட்டும் ஏன் விதிவிலக்கு?

நமக்கு நெருக்கமான பெயர்களையே பார்க்கலாம். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர் 1937-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1983-இல் நோபல் பரிசு பெற்று, 1995-இல் மறையும்வரை அங்கேயே இருந்தார். அதே மாநிலக் கல்லூரியில் படித்த ஸ்ரீனிவாச வரதன் 1963 முதல் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கூரான்ட் நிறுவனத்தில் பணியாற்றினார். 2007-இல் ஏபெல் பரிசு வந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் முடித்ததும் ஆய்வு செய்யப் போனது விஸ்கான்சினுக்கு. சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் இயற்பியலில் முனைவர் ஆனது ஓஹையோ பல்கலைக்கழகத்தில். பிறகு உயிரியலுக்கு மாறியது சான் டியேகோவில். யேலிலும் சில ஆண்டுகள் ஆய்வு செய்தார். தமிழ் செம்மொழி என்று வாதிட்டு 2000-இல் ஜார்ஜ் ஹார்ட் எழுதிய அறிக்கை பெர்க்லியின் தமிழ்ப் பேராசிரியர் என்ற முறையில் எழுதப்பட்டது. இவர்களை வைத்து ஐவி லீக் மட்டம் என்று நான் சொல்ல வரவில்லை. இவர்கள் போன இடமெல்லாம் ஒரு துறை செழித்திருந்த இடம், அல்லது கதவு திறந்த இடம். நிகழ்தகவுக் கணிதத்துக்குக் கூரான்ட் என்பது கணிதம் அறிந்தவர்களுக்குத் தெரியும். அந்த அறிவு எட்டுப் பெயர்ப் பட்டியலில் கிடைக்காது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அமெரிக்காவின் அதிகாரமும் பணமும் இந்த எட்டிலிருந்துதானே வருகின்றன, உச்ச நீதிமன்ற நீதிபதிகளைப் பாருங்கள் என்பார்கள். இன்றைய ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர் ஹார்வர்டு அல்லது யேல் சட்டக் கல்லூரியில் படித்தவர்கள் என்பது உண்மைதான். ஆனால் அது இரண்டு சட்டக் கல்லூரிகளின் செல்வாக்கு. எட்டில் மூன்றுக்கு, அதாவது பிரின்ஸ்டன், பிரவுன், டார்ட்மத்துக்குச் சட்டக் கல்லூரியே கிடையாது. வருமானத்தைப் பற்றி நல்ல ஆய்வுகளே இருக்கின்றன. போட்டி மிகுந்த கல்லூரியில் இடம் கிடைத்தும் வேறு கல்லூரிக்குப் போனவர்களை, அங்கேயே சேர்ந்தவர்களோடு ஒப்பிட்டு ஸ்டேசி டேல், ஆலன் குரூகர் இருவரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு, பின்னாளில் இருவகையினரின் சம்பளத்துக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்றது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் பலன் தெரிந்தது. 2023-இல் ராஜ் செட்டியும் அவருடைய சக ஆய்வாளர்களும், சராசரி வருமானம் அதிகம் மாறாவிட்டாலும், வருமானத்தில் முதல் ஒரு சதவீதத்துக்குள் போகும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது என்று கண்டார்கள். இதை நான் மறைக்கப்போவதில்லை. ஆனால் அவர்கள் ஆராய்ந்தது பன்னிரண்டு கல்லூரிகளை: எட்டோடு ஸ்டான்ஃபோர்டு, எம்.ஐ.டி., டியூக், சிகாகோ. விளையாட்டுக் கூட்டமைப்பின் எல்லையோடு அவர்கள் நிற்கவில்லை. ஒரே மதிப்பெண் பெற்றிருந்தும், நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளையைவிட மிகப் பணக்காரப் பிள்ளைக்கு அங்கே நுழையும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல் என்பதும் அதே ஆய்வு சொன்னதுதான். பழைய மாணவரின் பிள்ளை என்ற சலுகையும், விளையாட்டு வீரருக்கான ஒதுக்கீடும் அதற்குச் சில காரணங்கள். படகோட்டமும் வாள்சண்டையும் எந்த வீட்டுப் பிள்ளைகள் பழகுபவை என்று யோசித்தால் போதும்.

தரவரிசைப் பட்டியல்களே இவற்றை மேலே வைக்கின்றனவே என்பது அடுத்த வாதம். யு.எஸ். நியூஸ் பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறியிருந்த கொலம்பியாவின் கணக்குகளை, அங்கேயே கணிதப் பேராசிரியராக இருக்கும் மைக்கேல் தாடியஸ் 2022-இல் உட்கார்ந்து சரிபார்த்தார். இருபது மாணவருக்குக் குறைவான வகுப்புகள் நூற்றுக்கு 82.5 என்று பல்கலைக்கழகம் காட்டியிருந்தது. வகுப்புப் பட்டியலை எடுத்து அவர் எண்ணிப் பார்த்தபோது அது 67-ஐக்கூடத் தொடவில்லை. பிழைகள் இருந்ததைப் பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது. அடுத்த பட்டியலில் அது 18-ஆம் இடத்துக்கு இறங்கியது. அந்த ஓராண்டில் கொலம்பியாவின் ஆசிரியர்களோ நூலகமோ மாறிவிடவில்லை. இரண்டாம் இடம் பொய்யென்றால் பதினெட்டாம் இடத்தையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை.

பெயரைச் சொன்னால் ஊரும் உறவும் வேலை கொடுப்பவரும் மதிப்பார்கள் என்பது உண்மைதான். ஆனால் நம்மிலிருந்து போகிறவர்களில் மிகப் பலர் பொறியியலில் எம்.எஸ். படிக்கப் போகிறவர்கள், கணினித் துறையில் ஆள் எடுப்பவர்களுக்கு கார்னகி மெலன், இல்லினாய், ஜார்ஜியா டெக், மிச்சிகன், பர்டியூ ஆகிய பெயர்களை யாரும் விளக்கத் தேவையில்லை. இதைவிடப் பெரிய விஷயம் கட்டணம். எம்.எஸ். மாணவர் பெரும்பாலும் கைப்பணத்திலோ வங்கிக் கடனிலோ படிக்கிறார். ஐவி லீக் என்பதற்காக யாரும் கடனைக் குறைப்பதில்லை. இளநிலைக்குப் போகும் ஏழைப் பிள்ளைக்கோ கேட்க வேண்டிய கேள்வியே வேறு. வெளிநாட்டு மாணவரின் குடும்ப வருமானத்தைப் பார்க்காமல் இடம் கொடுத்து, தேவைப்படும் பணம் முழுவதையும் தருவது யார்? ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் தருகின்றன. டார்ட்மத் 2022-இல் இந்த முறைக்கு வந்தது. பிரவுன் அதற்குப் பிறகு வந்தது. கார்னெலும் கொலம்பியாவும் பென்சில்வேனியாவும் வெளிநாட்டு விண்ணப்பதாரருக்கு உதவி தேவையா என்பதைச் சேர்க்கையின்போதே கணக்கில் எடுக்கின்றன. ஆக, ஏழைப் பிள்ளைக்கு எது முக்கியமோ அதில் எட்டும் இரண்டாகப் பிரிந்துவிடுகின்றன. வெளியிலிருந்து எம்.ஐ.டி.யும், மாசசூசெட்ஸில் இருக்கும் ஆம்ஹர்ஸ்ட் என்ற சின்னஞ்சிறு கல்லூரியும் முதல் வரிசையில் வந்து நிற்கின்றன. கல்லூரியால் உண்மையிலேயே வாழ்க்கை மாறும் பிள்ளை இந்த ஏழைப் பிள்ளைதான் என்று டேலும் குரூகரும் கண்டார்கள். அரசுப் பள்ளியிலிருந்து முதல் தலைமுறையாக வரும் அந்தப் பிள்ளையிடம் ஐவி லீக் என்று சொல்ல ஊரில் நூறு பேர் இருக்கிறார்கள். ஆம்ஹர்ஸ்ட் என்று சொல்ல ஒருவர்கூட இல்லை.